போல்ட் ஏன் பாதியில் நிற்கிறது? கேஸ் ஏர்சாஃப்ட் ரைஃபிளுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கேஸ் அழுத்தத்தால் பிபி என்னும் சிறு பிளாஸ்டிக் குண்டைச் சுட்டு, அதே அழுத்தத்தால் போல்ட்டையும் (சுடும்போது பின்னே போய்த் திரும்பும் உட்பாகம்) ஓட்டும் விளையாட்டுத் துப்பாக்கிதான் கேஸ் புளோபேக் ரைஃபிள். அதில் போல்ட் சரியாக ஓடவில்லை என்றால், பலரும் முதலில் செய்வது புது நாசிலோ (போல்ட்டின் முன்பக்கத்தில் கேஸை வாங்கும் குழாய்) வேறு ஸ்பிரிங்கோ வாங்குவதுதான். பணம் செலவான பிறகும் போல்ட் பழையபடியே பாதியில் நிற்கும். கோளாறு கண்ணுக்குத் தெரிவது போல்ட்டில். அது பிறக்கும் இடம் பெரும்பாலும் மேகசின், அல்லது மேகசினுக்கும் நாசிலுக்கும் நடுவே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு. எனவே கேஸ் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் நாமும் தேடிக்கொண்டு போக வேண்டும். போல்ட்டில் தொடங்கிப் பின்னோக்கித் தேடுகிறவர் வழியில் நல்ல பாகங்களையும் கழற்றிக் கெடுத்துவிடுவார்.

கீழே சொல்வது அமெரிக்கப் படையின் எம்4 ரைஃபிள் வடிவில் வரும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை மனத்தில் வைத்து எழுதியது. தைவானின் டபிள்யூஇ, ஜிஎச்கே, விஎஃப்சி, ஜப்பானின் டோக்கியோ மருய் எம்டபிள்யூஎஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பாகங்களின் வடிவமும் கழற்றும் முறையும் மட்டும் வேறுபடும்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

ட்ரிகரை இழுத்ததும் ஹாமர் விழுந்து ஸ்ட்ரைக்கரை முன்னே தள்ளுகிறது. ஸ்ட்ரைக்கர் மேகசினின் பின்புறத்தில் உள்ள வெளியேற்று வால்வை அழுத்துகிறது. கேஸ் மேகசினின் மேல்வாயில் பதித்திருக்கும் ரப்பர் கேஸ்கெட் வழியாக நாசிலுக்குள் ஏறுகிறது. நாசிலின் உள்ளே ஒரு சிறிய மிதவை வால்வு இருக்கிறது. அதை ராக்கெட் வால்வு என்பார்கள். தொடக்கத்தில் அது முன்வழியைத் திறந்து வைத்திருப்பதால் கேஸ் முன்னே பாய்ந்து பிபியைக் குழலுக்குள் தள்ளுகிறது. பிபி வெளியேறி முன்பக்க அழுத்தம் விழுந்ததும் வால்வு முன்னோக்கி இழுபட்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. இனி கேஸுக்குப் பின்பக்கம் மட்டுமே போக்கிடம். போல்ட்டின் உடலான போல்ட் கேரியர் பின்னே தள்ளப்படுகிறது. அது ஹாமரை மடக்கி, தன்னை முன்னே திருப்பும் பஃபர் ஸ்பிரிங்கை அமுக்கி, கடைசி வரை போய்த் திரும்புகிறது. திரும்பும் வழியில் நாசிலின் கீழ் உதடு அடுத்த பிபியை மேகசினிலிருந்து உருவி, குழலின் பின்முனையில் பிபிக்குச் சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் ரப்பருக்குள் கொண்டுபோய் வைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிபியைத் தள்ளுவதும் போல்ட்டைத் தள்ளுவதும் ஒரே மூச்சில் வரும் ஒரே கேஸ். வழியில் எங்கே கசிந்தாலும் அந்த இழப்பு முதலில் போல்ட்டின் ஓட்டத்தில்தான் தெரியும். பிபியின் வேகம் ஓரளவு சரியாக இருந்து போல்ட் மட்டும் சோர்ந்துபோவது இதனால்தான்.

கை வைக்கும் முன்

பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். மேகசினைக் கழற்றிவிட்டு சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைக் கையால் பின்னே இழுக்கும் பிடி) இழுத்துக் குழலில் பிபி இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கிரீன் கேஸ் என்று விற்கப்படுவது அடிப்படையில் சிறிது சிலிக்கான் எண்ணெய் கலந்த புரோப்பேன். தீப்பிடிக்கக் கூடியது. அறைக்குள்ளோ அடுப்பருகிலோ நிரப்பவோ வெளியேற்றவோ கூடாது. திரவமாக வெளியே தெறிக்கும் கேஸ் தோலில் பட்டால் உறைபுண் வரும். கசியும் மேகசினை வெறுங்கையால் பொத்திப் பிடிக்காதீர்கள்.

அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓ-ரிங்கையும் (கேஸ் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றித் துப்பாக்கி சரியாகிவிட்டால், எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே கோளாறு திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

அறிகுறி: போல்ட் பாதி தூரம் போய்த் திரும்புகிறது

எல்லாக் கோளாறுகளிலும் இதுவே அதிகம். சுட்டால் ஒலி மந்தமாக இருக்கும், தோளில் உதை குறைந்திருக்கும். சில நேரம் ஹாமர் மடங்கியிருக்கும், ஆனால் அடுத்த பிபி ஏறியிருக்காது. கடைசிப் பிபிக்குப் பின் போல்ட் பின்னால் நிற்காது.

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். மேகசினுக்குள் கேஸ் பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருக்கிறது. வீட்டுச் சமையல் சிலிண்டரைப் போலத்தான். அழுத்தத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு நிரப்பினோம் என்பது அல்ல, திரவம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துச் சொன்னால், புரோப்பேன் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 8.4 பார் கொடுக்கிறது. 0 டிகிரியில் அது 4.7 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஜப்பானில் நெடுங்காலம் வழக்கமாகப் பயன்பட்ட எச்எஃப்சி134ஏ என்ற கேஸ் 20 டிகிரியில் 5.7 பார், 0 டிகிரியில் வெறும் 2.9 பார். கோடையில் நன்றாக ஓடிய துப்பாக்கி இங்கிலாந்தின் நவம்பர்க் காலையில் மூச்சுவிட முடியாமல் திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சுடச்சுட மேகசின் குளிர்வதும் இதே கணக்கில் வரும். ஒரு கிராம் புரோப்பேன் ஆவியாவதற்குச் சுமார் 350 ஜூல் வெப்பம் வேண்டும். அதைத் தன்னைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்தும் உலோகத்திலிருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். தொடர்ச்சியாக ஒரு மேகசின் முழுவதையும் ஆட்டோவில் (ட்ரிகரை விடும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் நிலை) சுட்டால் உலோகம் கையில் ஒட்டும் அளவுக்குக் குளிர்ந்துவிடும், கடைசிச் சுடுதல்கள் தளர்ந்து விழும். எனவே சோதனைக்கு மேகசினை உள்சட்டைப் பையிலோ இதமான அறையிலோ வைத்துக் கை சூட்டுக்குக் கொண்டுவந்து, சுடுதல்களுக்கு இடையே சில விநாடி விட்டுச் சுடுங்கள். நன்றாக ஓடினால் துப்பாக்கியில் பிழை இல்லை. ஹீட்டர் மேலோ கொதிநீரிலோ மேகசினை வைப்பது ஆபத்து. அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறும்.

சூடான மேகசினிலும் போல்ட் சோர்ந்தால் வேறொரு மேகசினைப் போடுங்கள். நண்பரிடம் இரவல் வாங்கியாவது போடுங்கள். இந்த ஒரு சோதனை பிரச்சினையைச் சரிபாதியாக வெட்டிவிடும். இரண்டாவது மேகசினில் நன்றாக ஓடினால் துப்பாக்கியின் உட்பகுதியைத் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவது சோதனை அதிகம் பேருக்குத் தெரியாதது, எனக்கு மிகவும் பிடித்தது. மேகசினை மாட்டியபின் இடது கையால் அதன் அடிப்பகுதியை மேல்நோக்கி உறுதியாக அழுத்திப் பிடித்துச் சுடுங்கள். உடனே போல்ட் வலுவாக ஓடினால், மேகசின் தன் இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மேல்வாய் கேஸ்கெட்டுக்கும் நாசிலின் அடித்துளைக்கும் இடையே கேஸ் பக்கவாட்டில் கசிகிறது. நான் பார்த்த ஒரு ரைஃபிளில், புது நாசில், புது ஓ-ரிங், புது ஸ்பிரிங் எல்லாம் மாற்றி முடித்த பிறகும் போல்ட் பாதிதான் போய்க்கொண்டிருந்தது. மேகசினைப் பிடித்திருக்கும் கொக்கியான மேகசின் கேட்ச் தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஆடியது. விரலால் தூக்கிப் பிடித்ததும் முதல் சுடுதலிலேயே கேரியர் பின்சுவரில் அறைந்த ஒலி கேட்டது. கேட்சை மாற்றியதும் வேலை முடிந்தது.

கேட்ச் சரியாக இருந்தால் கேஸ்கெட்டையே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல கேஸ்கெட்டின் மேல்முகம் மட்டமாக, நாசில் உரசிய மெல்லிய பளபளப்பு துளையைச் சுற்றிச் சீராகப் பரவியிருக்கும். பளபளப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கம் நாசிலைத் தொடவில்லை. பின் ஓரத்தில் பிறைவடிவில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், போல்ட் திரும்பும் ஒவ்வொரு முறையும் நாசிலின் விளிம்பு அதைச் சீவிக்கொண்டிருக்கிறது. வெட்டுப்பட்டதை மாற்ற வேண்டும். வெறுமனே தாழ்ந்திருப்பதைக் கழற்றி, அதன் அடியில் மெல்லிய டேப்பை வெட்டி ஓர் அடுக்கு கொடுத்தால் உயரும். ஓர் அடுக்கு போதும். அதிகம் உயர்த்தினால் நாசில் அதன் மேல் இழுபட்டு, போல்ட் முன்னே மூடாத புதுக் கோளாறு வந்து சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் துப்பாக்கியைத் திறக்கலாம். பின்பக்க இணைப்பு ஊசியைத் தள்ளி மேற்பாகத்தைத் தூக்கி, போல்ட் கேரியரை வெளியே எடுங்கள். நாசிலை முன்னே இழுத்து விடுங்கள். ‘டப்’ என்று உள்ளே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் நாசில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே கிரீஸும் அழுக்கும் சேர்ந்து பசையாகியிருக்கும். அடுத்து நாசிலின் அடித்துளையை ஒரு விரலாலும் முன்வாயை இன்னொரு விரலாலும் அடைத்துக்கொண்டு நாசிலை மெல்ல இழுங்கள். உள்ளே காற்று உறிஞ்சிப் பிடிப்பது கையில் தெரிய வேண்டும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கி வந்தால் பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது.

ஓ-ரிங்கைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நகத்தால் சுற்றி வருடிப் பாருங்கள். நல்லதில் வளைவு முழுவதும் உருண்டையாக இருக்கும். தேய்ந்ததில் வெளிவிளிம்பு தட்டையாகி, இரு ஓரங்களிலும் மெல்லிய கோடு போன்ற விளிம்பு நகத்தில் தட்டும். விரலால் நெருக்கினால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அது காய்ந்து போனது, எண்ணெய் விட்டாலும் பிழைக்காது. மாற்றும்போது அதே அளவு, அதே தடிமன் வேண்டும். சற்றுத் தடித்த ரிங் போட்டால் நன்றாக அடைக்கும் என்று தோன்றும். ஆனால் அது நாசிலைப் பிடித்துக்கொள்ளும், கேஸின் பலமெல்லாம் உராய்வுக்கே போய்விடும்.

உராய்வைச் சோதிக்க எளிய வழி உண்டு. பஃபரையும் (கேரியருக்குப் பின்னால் உள்ள எடைக்கட்டை) அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, கேரியரை மேற்பாகத்துக்குள் வைத்து முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்க வேண்டும். எங்காவது நின்றால் அந்த இடத்தில் உலோகம் உரசிப் பளிச்சென்று வெளுத்திருக்கும். நுண்மணல் காகிதத்தால் அந்தத் தடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். வேற்று நிறுவனத்தின் மேற்பாகம், பஃபர் குழாய், சார்ஜிங் ஹேண்டில் மாட்டியவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. கெட்டியான கிரீஸும் குளிர்காலத்தில் பிரேக் போலவே வேலை செய்யும். தண்டவாளப் பகுதிகளில் மிக மெல்லிய பூச்சு போதும்.

கடைசியில்தான் பஃபர் ஸ்பிரிங். கோடைக்காகக் கடின ஸ்பிரிங் போட்டவர்கள் குளிர்காலத்தில் அதை எடுக்க மறந்துவிடுவதுண்டு. கனமான எஃகு கேரியர், கனமான பஃபர் போட்டவர்களுக்கும் இதுவே பொருந்தும். உதை கூடும் என்று சேர்த்த எடை, அழுத்தம் குறையும் பருவத்தில் போல்ட்டையே நிறுத்திவிடும். இங்கே அழுத்தம் கூடிய கேஸுக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜப்பானியத் துப்பாக்கிகள் 2006 சட்டத்திருத்தத்துக்குப் பின் பிபியின் ஆற்றலுக்கு உள்ள 0.98 ஜூல் வரம்புக்குள், குறைந்த அழுத்தக் கேஸை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் கேரியரும் நாசிலும் அந்த அடிக்கே கணக்கிடப்பட்டவை. பிரிட்டனில் 2017 சட்டப்படி ஆட்டோவில் சுடக்கூடியதற்கு 1.3 ஜூல், ஒற்றைச் சுடுதலுக்கு 2.5 ஜூல். கேஸை மாற்றினால் பிபியின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் மறுபடி அளந்தே தீர வேண்டும், அதுவும் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் எடையுள்ள பிபியைக் கொண்டு. கேஸ் துப்பாக்கியில் கனமான பிபி கூடுதல் ஆற்றலோடு வெளியேறும். 0.20 கிராமில் அளந்து வரம்புக்குள் இருந்தது 0.30 கிராமில் வரம்பைத் தாண்டக்கூடும்.

அறிகுறி: ட்ரிகரை இழுத்ததும் சீறல், போல்ட் அசையவில்லை

சீறல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதுவே பாதி விடை.

குழலின் முன்வாயிலிருந்து நீண்ட சீறலாக வந்தால் ராக்கெட் வால்வு முன்வழியை அடைக்கவில்லை. கேஸ் எல்லாம் முன்னே ஓடிவிடுகிறது. நாசிலின் முன்வாய் வழியே மெல்லிய குச்சியால் வால்வை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தடையின்றி நகர்ந்து ஸ்பிரிங்கால் திரும்ப வேண்டும். சிக்கினால் கழற்றித் துடைக்கலாம். பிளாஸ்டிக் வால்வின் தலை விளிம்பு உடைந்திருந்தாலும், அதன் சின்ன ஸ்பிரிங் நெளிந்திருந்தாலும் மாற்றுவதே வழி. வேகத்தைத் திருகிச் சரிசெய்யும் என்பிஏஎஸ் வகை வால்வு பொருத்தியிருந்தால் அதன் அமைப்பை முதலில் பாருங்கள். அளவுக்கு மீறித் திறந்து வைத்தால் பிபிக்கே கேஸ் போய்ச் சேரும், போல்ட்டுக்கு மிச்சமிருக்காது. இதன் எதிர்நிலையும் உண்டு. போல்ட் ஆவேசமாக ஓடுகிறது, பிபி மட்டும் சில மீட்டரில் விழுகிறது என்றால் வால்வு முன்னேயே சிக்கிக்கொண்டிருக்கிறது.

சீறல் மேகசின் வாய்ப்பக்கத்திலிருந்து வந்து நிற்காமல் ஓடினால், தயங்காமல் மேகசினைக் கழற்றுங்கள். கழற்றியதும் நின்றால் கோளாறு துப்பாக்கியில். கழற்றிய பிறகும் மேகசின் சீறிக்கொண்டிருந்தால் அதன் வெளியேற்று வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது.

துப்பாக்கியில் என்றால் இப்படி நடக்கிறது. பல வடிவமைப்புகளில் ஹாமர் விழுந்ததும் ஸ்ட்ரைக்கர் முன்னேயே பூட்டிக்கொள்ளும். போல்ட் போதிய தூரம் பின்னால் போய் அந்தப் பூட்டை விடுவிக்கும் வரை மேகசின் வால்வு அழுந்தியே இருக்கும். இது திட்டமிட்ட ஏற்பாடு. இல்லையென்றால் சுற்று முடியும் முன்பே கேஸ் நின்றுவிடும். ஆனால் ஏதோ காரணத்தால் போல்ட் நகரவில்லை என்றால், பூட்டும் விடுபடாது, மேகசின் முழுவதும் காலியாகும். ஆகவே மொத்த கேஸும் கொட்டுவதைத் தனி நோயாகப் பார்க்காதீர்கள். போல்ட் பாதியில் நிற்கும் நோய் முற்றிய நிலையாகவும் அது இருக்கலாம். சார்ஜிங் ஹேண்டிலை ஒருமுறை முழுதாக இழுத்தால் பூட்டு விடுபடும். சூடான, நல்ல அழுத்தமுள்ள மேகசினிலும் இது திரும்பத் திரும்ப வந்தால், ஸ்ட்ரைக்கரும் அதன் பூட்டும் தடையின்றி நகர்கின்றனவா, பூட்டின் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கிறதா என்று கீழ்ப்பாகத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

மேகசினில் என்றால் முதல் சந்தேகம் அளவுக்கு மீறி நிரப்பியது. மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ் குப்பியையும் தலைகீழாக அதன் நிரப்பு வால்வில் செங்குத்தாக வைத்து அழுத்துவதுதான் முறை. வால்வைச் சுற்றி வெள்ளையாகத் தெறிக்கும் வரை நிரப்பிக்கொண்டே போனால் உள்ளே ஆவிக்கு இடமில்லாமல் போகும். அப்போது வால்வு திறந்ததும் ஆவிக்குப் பதில் திரவம் பாயும். வெண்புகை கிளம்பும், நாசில் உறையும், வால்வின் ரப்பர் குளிரில் விறைத்து மூடாது. ஒவ்வொரு மேகசினுக்கும் எத்தனை விநாடி போதும் என்று சமையலறைத் தராசில் எடைபோட்டுப் பழகிக்கொள்வது நல்லது. காலியான எடைக்கும் நிரப்பிய எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்தால் மெதுவாகக் கசியும் மேகசினும் மறுநாள் காலையில் தராசிலேயே பிடிபட்டுவிடும்.

அளவு சரியாக இருந்தும் வால்வு சிக்கினால் அதைக் கழற்றும் சாவியால் எடுத்து, உள்ளே தூசியோ உலோகத் துகளோ இருக்கிறதா, ஓ-ரிங் தன் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் முழுவதையும் வெளியேற்றிய பிறகே சாவியை வைக்க வேண்டும். இதில் எந்த விலக்கும் இல்லை.

அறிகுறி: சும்மா வைத்தாலே மேகசின் காலியாகிறது

மேகசினைச் சாதாரண நீரில் மூழ்கவைத்துக் குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிரப்பு வால்வு, வெளியேற்று வால்வு, அடித்தட்டு ரப்பர் என்று மூன்று இடங்கள்தான். நெடுநாள் காலியாகக் கிடந்த மேகசின் என்றால் ரப்பர் காய்ந்திருக்கும். நிரப்பு வால்வில் இரண்டு மூன்று சொட்டு சுத்தமான சிலிக்கான் எண்ணெய் விட்டு, கேஸை நிரப்பி, ஓர் இரவு வையுங்கள். பல மேகசின்கள் இதிலேயே தேறிவிடும். மேகசின்களில் எப்போதும் சிறிதளவு கேஸ் விட்டுவைப்பதும் இதற்காகத்தான், ரப்பர் தன் இருக்கையில் அழுந்தியே இருக்கும். கதவுக் கீலுக்கு விடும் எண்ணெயையோ துரு நீக்கித் தெளிப்பானையோ இங்கே விடாதீர்கள். அவை எல்லா ரப்பருக்கும் ஒத்துப்போவதில்லை, ஹாப்-அப் ரப்பரில் படிந்தால் குறியும் கெடும்.

அறிகுறி: போல்ட் முழுதாக ஓடுகிறது, பிபி ஏறவில்லை

முதலில், போல்ட் உண்மையிலேயே முழுதாக ஓடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கையால் இழுத்து விட்டால் பிபி ஏறுகிறது, சுடும்போது மட்டும் ஏறவில்லை என்றால் இதுவும் பாதி ஓட்டமே. கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு. முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

கையால் இழுத்தாலும் ஏறவில்லை என்றால் மேகசின் வாயைப் பாருங்கள். பிபியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உதடுகள் விரிந்தாலோ வெடித்தாலோ நாசில் பிபியின் மேலாக வழுக்கிப் போகும். பிபி உள்ளே எங்காவது சிக்கிக்கொண்டால் மேலே வராது. தரையில் விழுந்த பிபியைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நல்ல பிபியின் விட்டம் 5.95 மில்லிமீட்டர். ஒரு மணல் துகள் ஒட்டினாலே தடை. நாசிலின் கீழ் உதடு உடைந்திருந்தாலும் பிபியை உருவ முடியாது. அதை வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும்.

அறிகுறி: போல்ட் முன்னே முழுதாக மூடவில்லை

சார்ஜிங் ஹேண்டிலைத் தட்டி மூடப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஹாப்-அப் அறையில் இரண்டு பிபிகள் நெருக்கிக்கொண்டிருக்கும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னே பூட்டி, முன்வாயிலிருந்து துப்புரவுக் கம்பியை மெதுவாகச் செலுத்தி அவற்றைப் பின்பக்கம் தள்ளி எடுங்கள். தட்டினால் ரப்பர் கிழியும் அல்லது நாசில் உதடு உடையும்.

பிபி எதுவும் இல்லாமலே கடைசி சில மில்லிமீட்டரில் நின்றால், மேகசின் இல்லாமல் ஒருமுறை மூடிப் பாருங்கள். மேகசின் இல்லாதபோது மூடுகிறது என்றால் கேஸ்கெட் உயர்ந்திருக்கிறது. இல்லாதபோதும் மூடவில்லை என்றால் ஹாப்-அப் அறை நேராக உட்காரவில்லை, அல்லது புதிதாக மாற்றிய ரப்பர் நாசிலுக்கு நீளமாக இருக்கிறது. பழைய பஃபர் ஸ்பிரிங் சுருங்கித் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். புது ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அறிகுறி: காலியானதும் போல்ட் பின்னால் நிற்கவில்லை, அல்லது பிபி இருக்கும்போதே நின்றுவிடுகிறது

காலி மேகசினை மாட்டிச் சார்ஜிங் ஹேண்டிலை மெதுவாக இழுத்து விடுங்கள். போல்ட் பின்னால் பூட்டிக்கொண்டால் அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்ச் நல்லது, ஓட்டம்தான் குறைகிறது. பூட்டவில்லை என்றால் மேகசினுக்குள் பிபிகளை மேலே தள்ளும் பாகம் கேட்சைத் தூக்கவில்லை, அல்லது கேட்சின் முனை உருண்டு தேய்ந்துவிட்டது. எஃகு கேரியரோடு மென்மையான துத்தநாகக் கலவைக் கேட்சைச் சேர்த்தால் அந்த முனை விரைவில் தேயும். பிபி மிச்சமிருக்கும்போதே நிற்பது பெரும்பாலும் கேட்சின் ஸ்பிரிங் வலுவிழந்து அதிர்ச்சியில் தானாக எழுவது. ஸ்பிரிங் மலிவானது. மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஒருமுறை இழுத்தால் இரண்டு சுடுகிறது, அல்லது ட்ரிகரை விட்டும் நிற்கவில்லை

இது மட்டும் களத்தில் வைத்துப் பழுது பார்க்கும் விஷயம் அல்ல. மேகசினைக் கழற்றி, துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிட்டு அன்றைய ஆட்டத்தை வேறு துப்பாக்கியோடு தொடருங்கள். எதிரே நிற்பவர் பிபி பட்டுவிட்டது என்று கை தூக்கிய பிறகும் சுடும் துப்பாக்கியோடு யாரும் விளையாடக் கூடாது.

வீட்டில் கீழ்ப்பாகத்தைத் திறந்து, ஹாமரைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு ட்ரிகரை இழுத்தபடியே ஹாமரை முழுதாகப் பின்னே மடக்குங்கள். செமியில் (ஓர் இழுப்புக்கு ஒரே சுடுதல்) டிஸ்கனெக்டர் என்ற கொக்கி அதைப் பிடிக்க வேண்டும். பிறகு ட்ரிகரை மெல்ல விட்டால் ‘டிக்’ என்ற ஒலியோடு ஹாமர் ட்ரிகரின் சியருக்கு (அடுத்த இழுப்பு வரை ஹாமரைப் பிடித்து வைக்கும் முனை) கைமாற வேண்டும், விழக் கூடாது. விழுந்தால் கொக்கி போன்ற அந்த முனைகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் கூர்மையான மூலைக்குப் பதில் பளபளக்கும் உருண்டை விளிம்பு தெரியும். அரத்தால் சீவிக் கூர்மையாக்குவது சில நாள் தாங்கும், அதற்குப் பிறகு இன்னும் மோசமாகத் தேயும், ஏனென்றால் மேல்தோல் போய் உள்ளே உள்ள மென்மையான உலோகம்தான் மிஞ்சியிருக்கும். ஹாமர், டிஸ்கனெக்டர், சியர் மூன்றையும் ஒரே தயாரிப்பின் எஃகுத் தொகுதியாக வாங்கிப் பொருத்துங்கள். ஒன்றை மட்டும் எஃகாக மாற்றினால் அது மற்ற இரண்டையும் தின்றுவிடும்.

பொருத்தி முடித்ததும் மேகசின் இல்லாமல் கையாலேயே பலமுறை ஹாமரை மடக்கி விடுவித்துப் பாருங்கள். சுடும் நிலையை மாற்றும் செலக்டரின் ஒவ்வொரு நிலையிலும், ட்ரிகரை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள். அதன் பிறகு இரண்டே பிபி போட்ட மேகசினோடு, பாதுகாப்பான திசையில், செமியில் ஒன்று சுடுங்கள். ஒன்று போய், ஒன்று உள்ளே நின்றால் அடுத்த நாள் களத்துக்கு எடுத்துப் போகலாம்.